வீட்லயே தக்காளி சாஸ்: தக்காளி பொறுக்கறதுல இருந்து பாட்டில்ல ஊத்தற வரைக்கும் எல்லாரும் கேக்கற கேள்விகள்

நான் இருக்கறது திண்டுக்கல் பக்கம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட் கூப்பிடு தூரம். தக்காளி மலிவா வர்ற சமயத்துல வீட்டுக்கு சாஸ் போட்டு வைக்கறது வழக்கம், அத பாத்துட்டு சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, பையனோட ஸ்கூல்ல பழக்கமான அம்மாக்கள்னு மாத்தி மாத்தி ஒரே சந்தேகங்கள கேக்கறாங்க. எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டிருக்கேன்.

"சாஸு, கெட்சப்பு, ப்யூரி எல்லாம் ஒண்ணுதானே அக்கா? பேரு மட்டும் வேறயா?"

ஒண்ணு இல்ல. ப்யூரின்னா தக்காளிய வேக வச்சு அரைச்சு வடிகட்டினது மட்டும், உப்பு சர்க்கரை எதுவும் வேணாம், குழம்புக்கு கிரேவிக்கு போட்டுக்கலாம். பாஸ்தாவுக்கு பீட்சாவுக்கு போடறது எண்ணெய் பூண்டு சேத்து பாதி வத்த வச்சது, அதுல இனிப்பு கிடையாது, புளிப்பும் லேசாத்தான் இருக்கும். நம்ம ஊர்ல சமோசாவுக்கு நூடுல்ஸுக்கு தொட்டுக்கறத சாஸ்னும் சொல்றோம் கெட்சப்னும் சொல்றோம், அது சர்க்கரை, வினிகர், மசாலா சேத்து நல்லா வத்த வச்சது. இங்க சாஸ்னு நான் சொல்றது இந்த தொட்டுக்கறதத்தான். இத மொதல்ல சொல்லக் காரணம் இருக்கு, எவ்ளோ நாள் கெடாம இருக்கும்ங்கறது மூணுக்கும் வேற வேற.

"நாட்டுத் தக்காளி நல்லதா, பெங்களூர் தக்காளி நல்லதா?"

சாஸுக்கு ரெண்டும் கலந்துதான் போடணும், இது என் உறுதியான அபிப்பிராயம். நாட்டுத் தக்காளில புளிப்பும் வாசமும் ஜாஸ்தி ஆனா சாறும் விதையும்தான் அதிகம், வத்தறதுக்கு ரொம்ப நேரம் புடிக்கும், கேஸும் போகும். பெங்களூர் தக்காளின்னு நாம சொல்ற அந்த நீளவாக்கு ஹைபிரிட்ல சதை தடிமன், சீக்கிரம் கெட்டியாகும், ஆனா அது மட்டும் போட்டா சப்புன்னு இருக்கும். மூணு பங்கு பெங்களூர் தக்காளிக்கு ஒரு பங்கு நாட்டுத் தக்காளி போட்டா சரியா வரும்.

ரகத்த விட முக்கியம் பழுத்த பதம். செடியிலயே நல்லா செவந்து, கையில எடுத்தா கனமா, அமுக்கினா லேசா விட்டுக்கொடுத்து, காம்புகிட்ட மோந்தா தக்காளி வாசம் வர்றதா இருக்கணும். கடையில எல்லாரும் ஒதுக்கி வைக்கற அந்த ரொம்ப பழுத்த பழந்தான் சாஸுக்கு ராஜா, விலையும் கொறைச்சு கொடுப்பாங்க. பழுத்ததுக்கும் அழுகினதுக்கும் வித்தியாசம் இருக்கு, அது கீழ தனி கேள்வியா வருது.

"ரெண்டு கிலோ வாங்கினா எவ்ளோ சாஸ் வரும்?"

600-ல இருந்து 700 கிராம் வரும். தக்காளியில 94 சதவீதம் கிட்ட தண்ணிதான், அந்த தண்ணிய வெளியேத்தறதுதான் மொத்த வேலையே. ப்யூரியா நிறுத்தினா ஒரு லிட்டருக்கு கொஞ்சம் முன்னப்பின்ன கிடைக்கும்.

"அளவோட சொல்லுங்க, கண்ணளவு எல்லாம் எனக்கு வராது"

2 கிலோ பழுத்த தக்காளி, ஒரு நடுத்தர வெங்காயம், பூண்டு 6 பல், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, காஷ்மீரி மிளகாய் 4, கிராம்பு 4, பட்டை ஒரு துண்டு, மிளகு அரை டீஸ்பூன், சர்க்கரை 120 கிராம், உப்பு ரெண்டு டீஸ்பூன், வினிகர் 80 மில்லி. வினிகர் பாட்டில்ல 4 சதவீதம் அசிட்டிக் ஆசிட்னு போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க, அதுக்குக் கீழ வேணாம்.

தக்காளிய நாலா வெட்டி வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாயோட அடிகனமான பாத்திரத்துல போட்டு தண்ணியே ஊத்தாம மூடி வைங்க, அது விடற சாறுலயே 20 நிமிஷத்துல குழைய வெந்துரும். ஆற வச்சு மிக்ஸில அரைச்சு, கண்ணு சின்னதா இருக்கற வடிகட்டில கரண்டியால தேய்ச்சு தேய்ச்சு வடிங்க, இந்த இடத்துல அவசரப்படாதீங்க, விதையச் சுத்தி இருக்கற அந்த கொழகொழ ஜெல்லிலதான் நாக்குக்கு ருசியா தெரியற குளூட்டமேட் சதையில இருக்கறத விட அதிகம், அது முழுக்க எறங்கி வரணும். தோலையும் விதையையும் மட்டும் சக்கையா ஒதுக்கினா போதும்.

வடிச்சத திருப்பி அடுப்புல ஏத்தி, கிராம்பு, பட்டை, மிளகு மூணையும் லேசா தட்டி வெள்ளைத் துணியில மூட்டையா கட்டி உள்ள போட்டு, சர்க்கரையில மூணுல ஒரு பங்க மட்டும் இப்ப சேருங்க. முழுசா முதல்லயே போட்டா அடி புடிக்கும், நிறமும் கருத்துப் போகும். அகலமான பாத்திரமா இருந்தா 40, 45 நிமிஷத்துல பாதியா வத்தும், அப்ப மீதி சர்க்கரை, உப்பு போட்டு விடாம கிண்டுங்க, கடைசியா மூட்டைய புழிஞ்சு எடுத்துட்டு வினிகர் ஊத்தி மூணு நிமிஷம் கொதிக்க விட்டு இறக்கிடுங்க. வினிகர முன்னாடியே ஊத்தினா புளிப்பு ஆவியாப் போயிரும், அந்தப் புளிப்புதான் சாஸுக்கு காவல்.

"எல்லாத்தையும் குக்கர்ல போட்டு ரெண்டு விசில் விட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்ளோ நேரம்?"

முதல் பாதி, அதாவது வேக வைக்கற வரைக்கும் குக்கர் தாராளமா வைக்கலாம், ஒரு விசில் போதும். வத்த வைக்கறது மட்டும் தொறந்த பாத்திரத்துலதான் ஆகணும், மூடி போட்டா ஆவி எங்க போகும்.

"அலுமினியச் சட்டி, இரும்புச் சட்டி எதுல செய்யலாம்?"

ரெண்டுலயும் வேணாம். தக்காளிப் புளிப்பு அலுமினியத்த அரிக்கும், இரும்புல செஞ்சா நிறம் கருத்து உலோக வாடை அடிக்கும். அடிகனமான எவர்சில்வர்தான் நல்லது.

"எப்ப இறக்கணும்னே தெரியல. கெட்டியா இருக்குன்னு இறக்கினா பாட்டில்ல தண்ணி தனியா நிக்குது"

ஒரு தட்டுல ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு பாருங்க, சொட்டச் சுத்தி தண்ணி வட்டமா பிரிஞ்சா இன்னும் வத்தணும், தட்ட சாய்ச்சா மெதுவா நகர்ந்து தண்ணி பிரியாம இருந்தா பதம் வந்துருச்சு. ஆறினா இன்னும் கொஞ்சம் இறுகும், அதனால கடையில வாங்கற கெட்டிக்கு அடுப்புலயே கொண்டு வராதீங்க.

தண்ணி பிரியுதுன்னு சிலர் சோள மாவு கரைச்சு ஊத்தறாங்க. அன்னிக்கே தீத்துடறதா இருந்தா சரி, வச்சு சாப்பிடற சாஸுக்கு வேணாம், அதுலயும் ஃப்ரீஸர்ல வச்சு எடுத்தா மாவு தனி தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும்.

"கடைல பளபளன்னு கல்லு மாதிரி இருக்கு, இதெல்லாம் கார்பைடு கல்லு வச்சு பழுக்க வச்சதா?"

பளபளப்ப மட்டும் வச்சு அப்படி முடிவு பண்ண முடியாது. பெங்களூர் தக்காளி வெளியூருக்கு லாரியில போறதுக்குன்னே தோல் தடிமனா, கெட்டியா இருக்கற மாதிரி உருவாக்கின ரகங்கள், இயல்பாவே கல்லு மாதிரிதான் இருக்கும். ஆனா காய்வெட்டா, அரைச்செவப்புல பறிச்சு அனுப்பி வழியில பழுக்கறது உண்மை, அப்படி வந்ததுல வாசம் கம்மி.

கால்சியம் கார்பைடு வச்சு பழுக்க வைக்கறது நம்ம நாட்டுல சட்டப்படி தடை, அதுல இருந்து வர்றது அசிட்டிலின் வாயு, கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் துணுக்கு இருக்கும்ங்கறதுதான் பயம். அதுக்குப் பதிலா எத்திலின் வாயுவ 100 பி.பி.எம். (பத்து லட்சத்துல 100 பங்கு) வரைக்கும் பயன்படுத்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி இருக்கு, எத்திலின் பழமே தானா விடற வாயுதான். வீட்ல பாக்கறதுக்கு ஒரு வழி, வெட்டிப் பாருங்க. வெளிய ஒரே மாதிரி செவப்பா இருந்து உள்ள ஜெல்லி பச்சையாவோ விதை வெளுத்தோ இருந்தா அது முத்தறதுக்கு முன்னாடி பறிச்சது. அத குழம்புக்கு வச்சுக்கோங்க, சாஸுக்கு வேணாம்.

"அடில கருப்பா இருக்கு, சிலதுல காம்புகிட்ட மஞ்சளா, உள்ள விதை முளைச்சே இருக்கு. இதெல்லாம் நோயா?"

மூணும் வேற வேற. அடியில காய்ஞ்ச தோல் மாதிரி கருப்பா இருந்தா அது தொத்து நோய் இல்ல, செடிக்கு தண்ணி ஒழுங்கா கிடைக்காம காய்க்கு கால்சியம் போய்ச் சேராததால வர்றது. அந்தப் பக்கத்த வெட்டிட்டு மீதிய அன்னிக்கு சமைக்கலாம், வச்சு சாப்பிடற சாஸுக்கு மட்டும் சேக்காதீங்க.

காம்புகிட்ட மஞ்சளா ஆரஞ்சா கெட்டியா இருக்கறது பெரும்பாலும் வெயில். செவப்பு நிறத்த தர்ற லைகோபீன் 30 டிகிரிக்கு மேல சூடு போனா சரியா உருவாகாது, அதனாலதான் சித்திரை வைகாசில வர்ற தக்காளி என்ன பழுத்தாலும் ஆரஞ்சு கலந்தே இருக்கு, அதுல போட்ட சாஸும் அந்த நிறந்தான் வரும். சில ரகத்துக்கு தோள்பட்டை பச்சையா இருக்கறதே குணம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில இருந்து வந்த பி.கே.எம். 1 அப்படித்தான், அன்னஞ்சி உள்ளூர் ரகத்துல இருந்து உருவாக்கினது, தட்டையா உருண்டு மேல பச்சையோட வரும், பாத்துட்டு பழுக்கலன்னு தள்ளிடாதீங்க.

விதை முளைச்சது பழம் ரொம்ப நாள் இருப்புல இருந்ததோட அறிகுறி. விஷம் இல்ல, ஆனா வாசம் போயிருக்கும், நான் வாங்கமாட்டேன்.

"ஒரு ஓரந்தானே அழுகியிருக்கு, வெட்டிட்டு போட்டா என்ன? கொதிக்கத்தானே போகுது"

போடாதீங்க. தோல் வெடிச்சு காய்ஞ்ச கீறல் மட்டும் இருந்தா (மழைக்கு அப்பறம் நிறைய வரும்) வெட்டிட்டு உடனே சமைச்சுடலாம். ஆனா தண்ணி கசியுது, புளிச்ச வாடை, வெள்ளையா கருப்பா பூசணம், காய்ப்புழு துளைச்ச ஓட்டைக்குள்ள கழிவு, இப்படி இருந்தா முழுப் பழத்தையும் தூக்கிப் போடுங்க. தக்காளி மாதிரி மெத்துன்னு தண்ணியா இருக்கற பழத்துல பூசணம் கண்ணுக்குத் தெரியற எடத்தோட நிக்காது, உள்ள பரவியிருக்கும், பூசணம் விட்ட நச்சுல சிலது கொதிச்சாலும் போகாது. அதோட பூசணம் புடிச்ச தக்காளி தன் புளிப்ப இழக்கும், புளிப்பு கொறைஞ்சா என்ன ஆகும்ங்கறது கீழ பாட்டில் கேள்வில இருக்கு.

"மருந்து போறதுக்கு மஞ்சத்தண்ணி, உப்புத்தண்ணி, ஆப்பசோடா எதுல கழுவணும்?"

ஓடற தண்ணில கையால தேய்ச்சு கழுவறதுதான் முதல் வேலை, பாதிக்கு மேல அதுலதான் இருக்கு. காம்புக் குழில மண்ணும் மருந்தும் தங்கும், அந்த எடத்த விரலால தேய்ச்சு கழுவுங்க, வெட்டும்போது அந்தக் குழிய நோண்டி எடுத்துடுங்க. ஆப்பசோடா பத்தி 2017-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, லிட்டருக்கு 10 கிராம் கணக்குல சோடாத்தண்ணில 12-ல இருந்து 15 நிமிஷம் ஊற வச்சப்ப தோல் மேல இருந்த ரெண்டு மருந்தும் போச்சு, ஆனா தோலுக்குள்ள எறங்கினது போகல. லிட்டருக்கு 10 கிராம்னா ரெண்டு டீஸ்பூன். அத பண்ணிட்டு நல்ல தண்ணில ரெண்டு தரம் அலசிடுங்க.

பாத்திரம் தேய்க்கற சோப்பெல்லாம் பழத்து மேல வேணவே வேணாம். மஞ்சத்தூள் போட்டா தப்பில்ல, ஆனா அதுவே மருந்த எடுத்துடும்னு நம்பி தேய்க்கறத விட்டுடாதீங்க.

"ஹைபிரிட்னா மரபணு மாத்தினதுதானே? அப்ப ஆர்கானிக் கடையில மட்டும் வாங்கணுமா?"

ஹைபிரிட் வேற, மரபணு மாத்தினது வேற. ரெண்டு ரகத்த மகரந்தம் சேத்து எடுத்த விதைதான் ஹைபிரிட். நம்ம நாட்டுல விவசாயிங்க வியாபாரத்துக்கு பயிர் பண்ண அனுமதி கிடைச்ச மரபணு மாற்றுப் பயிர் 2002-ல வந்த பிடி பருத்திதான், பிடி கத்தரிக்காய 2010-லயே நிறுத்தி வச்சாங்க. மரபணு மாத்தின தக்காளி மார்க்கெட்டுல கிடையாது.

ஆர்கானிக்னு அட்டை எழுதி வச்சா மட்டும் போதாது, பாக்கெட்ல ஜைவிக் பாரத் முத்திரையோ இந்தியா ஆர்கானிக் முத்திரையோ இருக்கான்னு பாருங்க. முத்திரை இல்லாம ரெண்டு மடங்கு விலை கேட்டா எதுக்கு கொடுக்கறோம்னு ஒரு கேள்வி கேட்டுக்கலாம். என்னைக் கேட்டா உழவர் சந்தைக்கு போங்க, 1999-ல மதுரையில ஆரம்பிச்சது இப்ப நிறைய மாவட்டத்துல இருக்கு, வெளைய வச்சவங்களே எதிர்ல உக்காந்திருக்காங்க, எப்ப பறிச்சீங்க, கடைசியா மருந்து எப்ப அடிச்சீங்கன்னு நேராவே கேளுங்க. மருந்து அடிச்சா இத்தன நாள் கழிச்சுதான் பறிக்கணும்னு ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு இருக்கு, கேக்கற ஆள் இருந்தா அந்தக் கணக்க பாக்கற விவசாயியும் கூடுவாங்க.

"எப்ப வாங்கினா கட்டுப்படியாகும்?"

விலை ஒரே மாதிரி இருக்காதுங்கறது உங்களுக்கே தெரியும். 2023 ஜூலைல கிலோ நூறு ரூபாய தாண்டி போச்சு, ரேஷன் கடையில அரசாங்கமே 60 ரூபாய்க்கு வித்துச்சு. அதே தக்காளி வரத்து கூடினா கிலோ அஞ்சுக்கும் கீழ எறங்கி, பறிக்கற கூலி கூட வரலன்னு ஒட்டன்சத்திரம், பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ரோட்டோரத்துல கொட்டிட்டு போறாங்க. அத பாக்கறப்ப வயிறு எரியுது. அந்த சமயத்துல நாலு வீடு சேந்து ஒரு பெட்டி எடுத்து பங்கு போட்டுக்கிட்டாலே அந்தக் குடும்பத்துக்கு கொஞ்சம் காசு, நமக்கு நல்ல சாஸு. பொதுவா தைக்கு அப்பறம் கோடை முத்தறதுக்குள்ள நல்ல பழம் நல்ல விலைக்கு கிடைக்கும், அடை மழைல வாங்கினா சாறுதான் ஜாஸ்தி, வெடிப்பும் ஜாஸ்தி.

"செஞ்சது எவ்ளோ நாள் வரும்? கடை சாஸ் மாதிரி வெளிய அலமாரில வைக்கலாமா?"

வெளிய வைக்காதீங்க. மேல சொன்ன அளவுல சர்க்கரையும் வினிகரும் போட்டது ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு வாரம் இருக்கும், பாஸ்தா சாஸ், ப்யூரி எல்லாம் நாலஞ்சு நாள்தான். அதுக்கு மேல வேணும்னா ஃப்ரீஸர், ப்யூரிய ஐஸ் ட்ரேல ஊத்தி கட்டியானதும் கவர்ல போட்டு வச்சா நாலஞ்சு மாசம் வாசம் மாறாம இருக்கும்.

காரணம் சொல்றேன். பாட்டுலினம்னு ஒரு விஷம் உண்டாக்கற பாக்டீரியா இருக்கு, அதோட வித்து (ஸ்போர்னு சொல்றது) சாதாரணமா கொதிக்க வச்சா சாகாது, பிரஷர்ல 121 டிகிரி வேணும். காத்து இல்லாத மூடின பாட்டில், புளிப்பு கம்மி, வெளிச் சூடு, இந்த மூணும் சேந்தா அது வளரும். பி.எச்.ங்கறது புளிப்ப அளக்கற எண், எண் கொறைஞ்சா புளிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம், அது 4.6-க்குக் கீழ இருந்தா வளராது, பிரச்சினை என்னன்னா தக்காளி அந்தக் கோட்டு மேலயே நிக்குது, ரகத்தையும் பழுத்ததையும் பொறுத்து 4.3-ல இருந்து 4.9 வரைக்கும் போகும். அதனால வினிகர் போடாத ப்யூரிக்கு லிட்டருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் பாட்டில் எலுமிச்சை ஜூஸோ அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிடோ சேக்கச் சொல்றாங்க. நிறத்துக்கு பீட்ரூட், கேரட், பூசணி சேக்கறவங்க கவனிங்க, அதெல்லாம் புளிப்பு இல்லாத காய், அத போட்டா உடனே சாப்பிட்டு முடிக்கற சாஸா மட்டும் செய்ங்க.

பாட்டில் கண்ணாடியா இருக்கணும், 10 நிமிஷம் தண்ணில கொதிக்க வச்சு ஈரமில்லாம காய வச்சு, சாஸும் பாட்டிலும் சூடா இருக்கும்போதே ஊத்துங்க. ஈரக் கரண்டி விடாதீங்க, சின்ன சின்ன பாட்டிலா பிரிச்சு வச்சா ஒண்ணு தொறந்தா இன்னொண்ணு பத்திரமா இருக்கும்.

"சோடியம் பென்சோவேட் கடையில கிடைக்குதே, ஒரு சிட்டிகை போட்டா வெளிய வைக்கலாம்ல?"

கம்பெனி சாஸ்ல ஐ.என்.எஸ். 211-னு போட்டிருக்கறது அதுதான், கிலோவுக்கு 750 மில்லிகிராம் வரைக்கும் அனுமதி. முக்கால் கிராம வீட்டுத் தராசுல சரியா நிறுக்க முடியாது, சிட்டிகைங்கறது ஆளுக்கு ஆள் மாறும், கால் டீஸ்பூன் போட்டாலே அளவு தாண்டிரும். அதோட அது நல்ல புளிப்புலதான் வேலை செய்யும், புளிப்பு கம்மியா இருந்தா போட்டும் பிரயோஜனம் இல்ல. வீட்டுக்கு செய்யறதுக்கு அது எதுக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு, கொஞ்சமா செஞ்சு சாப்பிடலாம்.

"சர்க்கரைக்கு பதிலா வெல்லம், நாட்டுச்சர்க்கரை போட்டா ஹெல்த்திதானே? ஒரு வயசு பாப்பாவுக்கு கொடுக்கலாமா?"

வெல்லமும் சர்க்கரைதான், உடம்புக்குள்ள போற இனிப்பு கணக்குல பெரிய வித்தியாசம் கிடையாது, நிறம் மட்டும் கருக்கும். சுகர் இருக்கறவங்களுக்கு வெல்லம் போட்டு செஞ்சேன்னு ரெண்டு கரண்டி சேத்து ஊத்தறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. இனிப்ப கொறைக்கணும்னா நல்லா பழுத்த பழமா எடுத்து 120 கிராம 60 ஆக்குங்க, ருசி நல்லாத்தான் இருக்கும், ஆனா கெட்டிப்படறதுக்கு இன்னும் வத்தணும், ஃப்ரிட்ஜ்லயும் ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சுடணும். ரெண்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு சேத்த சர்க்கரையே வேணாம், பாப்பாவுக்கு வெறும் தக்காளிய வேக வச்சு வடிச்சு கொடுங்க.

"வேக வச்சா சத்தெல்லாம் போயிருமே, பச்சையா சாப்பிடறதுதானே நல்லது?"

வைட்டமின் சி கொறையும், உண்மைதான். ஆனா லைகோபீன் வேக வச்சா, அதுலயும் துளி எண்ணெயோட சாப்பிட்டா, பச்சையா சாப்பிடறத விட நல்லா உடம்புல சேரும். ரெண்டு மாதிரியும் சாப்பிடுங்க.

"மாமனாருக்கு கிட்னி கல்லு, தக்காளி விதைதான் கல்லா மாறுதுன்னு சொல்றாங்க"

விதை கல்லா மாறாது. கல்லுல நிறைய பேருக்கு வர்றது கால்சியம் ஆக்சலேட், தக்காளியில ஆக்சலேட் கம்மிதான், பசலைக்கீரையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஆனா கல்லு வேற, கிட்னி செயல்பாடே கொறைஞ்சிருக்கறது வேற. செயல்பாடு கொறைஞ்சவங்களுக்கு பொட்டாசியம் கட்டுப்பாடு சொல்லியிருப்பாங்க, சாஸ்ல தக்காளி வத்தி நிக்கறதால பொட்டாசியமும் உப்பும் கூட சேந்தே வத்தி நிக்குது, அவங்க டாக்டர கேக்காம தொடவேணாம். நெஞ்செரிச்சல் இருக்கறவங்க ராத்திரி நேரத்துல தவிர்க்கலாம்.

"பாட்டில தொறக்கறப்ப புஸ்னு சத்தம் வந்துச்சு, மேல லேசா நுரை, வாடை ஒண்ணும் இல்ல. கொதிக்க வச்சு யூஸ் பண்ணலாமா?"

வேணாம், கொட்டிடுங்க, நாக்குல வச்சு கூட பாக்காதீங்க. உள்ள ஏதோ புளிச்சு காத்து விட்டிருக்கு. மூடி உப்பியிருந்தாலும், மேல பூசணப் புள்ளி ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் இதே பதில்தான். அந்த பாட்டில சோப்புத் தண்ணில கழுவி, மேல சொன்ன மாதிரி 10 நிமிஷம் கொதிக்க வச்ச அப்பறந்தான் மறுபடி எடுக்கணும், மூடில ரப்பர் வளையம் இருந்தா அத மாத்திடுங்க.

"வடிகட்டினதுல நிக்கற தோலையும் விதையையும் என்ன பண்றது?"

வெயில்ல நல்லா காய வச்சு பொடிச்சு வச்சுக்கிட்டா ரசத்துக்கு ஒரு ஸ்பூன் போடலாம், புளிப்பும் நிறமும் குடுக்கும். இல்லன்னா மாடித் தோட்டத்து உரக்குழில போடுங்க.